அண்ணி இறக்காத சுமை

எங்களிடம் வந்து சேரும்போதே அந்த மஞ்சள் வண்டிக்கு வயதாகியிருந்தது. காஞ்சிபுரத்தில் எங்கள் தொண்டு நிறுவனம் நடத்திய தொழிற்பயிற்சி மையத்தின் பின்புறம், மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையின் களத்தில் அதை நிறுத்திவைத்திருந்தோம். முன்னால் நீட்டிய இரண்டு இரும்புக் கைகளால் பளுவைத் தூக்கி உயரத்தில் அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட். ஒரு காலத்தில் நெல் காய்ந்த சிமெண்டுத் தளத்தில், புடவையை இழுத்துச் செருகி மேலே ஒரு காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஐந்து பெண்கள் அதை முன்னும் பின்னும் ஓட்டிப் பழகினார்கள். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் குறையவே மாட்டார்கள். அந்த ஐந்து பேரில் மூத்தவரைத்தான் நாங்கள் எல்லோரும் அண்ணி என்று கூப்பிட்டோம்.

பயிற்சி முடித்தவர்களுக்கு வேலை தேடிக்கொடுப்பது என் பொறுப்பு. தையல், கணினி, நோயாளிகளைப் பராமரிப்பது என்று வகுப்புகள் நடந்தன. ஆண்டுக்கு ஒருமுறை, எங்களுக்கு நிதி கொடுக்கும் அமைப்பிலிருந்து ஆட்கள் வந்து முன்னேற்றம் பார்ப்பார்கள். முந்தைய ஆண்டு வந்தவர்கள் முகம் கொடுத்தே பேசவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளில் பலர் சில வாரங்களிலேயே நின்றுவிட்டிருந்தார்கள். பெண்கள் இதுவரை போகாத வேலைக்குப் பயிற்சி கொடுங்கள், அதில் வேலையும் வாங்கிக் கொடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் செயலாளர் அம்மா கூட்டம் போட்டு அதிகம் பேசவில்லை. "இந்த வருஷம் இது நிக்கலன்னா அடுத்த வருஷம் நாம யாரும் இங்க நிக்க மாட்டோம்மா" என்று மட்டும் சொன்னார். அந்த ஆண்டு முழுக்க அலுவலகத்தில் தொலைபேசி ஒலித்தாலே, இன்று யார் வேலையை விட்டு நின்றார்களோ என்று நினைத்துக்கொண்டேதான் எடுப்பேன்.

அண்ணி செவிலிமேட்டைத் தாண்டி, பாலாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் லாரி ஓட்டியவர். ஒரு விபத்துக்குப் பிறகு முதுகு நிமிர்த்த முடியாமல் வீட்டோடு இருந்தார். குடும்பத்தை நடத்தியது கணவரின் அண்ணன். அவரை அண்ணி மூத்தார் என்பார். முதலில் பயிற்சிக்கு வந்தது அண்ணி அல்ல, அவருடைய நாத்தனார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண். தங்கையைத் தனியாகக் கம்பெனிக்கு அனுப்ப முடியாது, அண்ணி கூடப் போவதானால் போகட்டும் என்று மூத்தார் சொல்லிவிட, துணைக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர் அண்ணி. இரண்டாம் நாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு நானும் கத்துக்கறனே மேடம். டிராக்டர் ஓட்டுவேன்" என்றார். அவருடைய டிராக்டர் உரிமத்தைப் பார்த்ததும் செயலாளர் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாத்தனார் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதைக் கேட்டு மற்ற பெண்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவரைவிட மூத்தவளான நானும்தான்.

எத்தனையோ கம்பெனிகள் ஏறி இறங்கிய பிறகு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் சோதனை வைக்க ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பயணம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. வேனில் நாத்தனார் அண்ணியின் விரல்களைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கிடங்கு, எங்கள் ஊர்க் கல்யாண மண்டபங்கள் பலவற்றை உள்ளே அடைத்துவிடலாம் போல இருந்தது. கூரைவரை இரும்பு அடுக்குகள். அடுக்குகளுக்கு நடுவே நீண்ட சந்துகள். மூன்றாம் அடுக்கிலிருந்து பெட்டிகள் ஏற்றிய ஒரு மரத்தட்டை எடுத்துக் கீழே இறக்கி, வேறிடத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. சோதனை முடியும்வரை அக்கம்பக்கத்துச் சந்துகளில் யாரும் நடக்கக் கூடாது, மீறினால் அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுவோம் என்று மேலாளர் எல்லாத் தொழிலாளர்களையும் நிற்கவைத்துச் சத்தமாகச் சொன்னார்.

நான்கு பேர் தட்டுத் தடுமாறியாவது முடித்தார்கள். நாத்தனார் இறங்கி வந்தபோது அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கடைசியாக அண்ணி ஏறினார். வண்டியை நேராகக் கொண்டுபோய் நிறுத்தி, இரும்புக் கைகளை மேலே உயர்த்தி, மரத்தட்டின் அடியில் நுழைத்துத் தூக்கினார். பாதி வெளியே வந்திருக்கும். சடாரென்று ஒரு பலகை முறிந்தது. பெட்டிகள் மொத்தமும் பின்பக்கமாக, அடுத்த சந்தை நோக்கிச் சாய்ந்தன.

"இறக்கு! கீழ இறக்கும்மா!" என்று மேலாளர் கத்தினார்.

அண்ணி இறக்கவில்லை. நெம்புகோலைப் பிடித்த கை அசையவில்லை. மற்றொரு கையால் ஹாரனை அழுத்தியபடியே இருந்தார். மேலாளர் மறுபடியும் கத்தினார், இன்னும் கோபமாக. நாத்தனார் "அண்ணி! அண்ணி!" என்று அலறினாள். மேலே ஒரு பெட்டி மெல்ல நகர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று தெரியாது. திடீரென்று ஹாரன் நின்றது. இரும்புக் கைகளைத் தாங்கும் வண்டியின் தூண் மெதுவாக அண்ணியின் பக்கம் சாய்ந்தது. சுமை தன் மீதே வந்து விழுமோ என்று அஞ்சாமல் அதைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்து தரையில் வைத்தார். அதற்குள் இரண்டு பெட்டிகள் அந்தப் பக்கச் சந்தில் விழுந்து உடைந்திருந்தன.

மேலாளர் அவரைக் கீழே இறங்கச் சொன்னார். "சொன்ன சொல் காதுல விழலையா? இங்க சொன்னதைக் கேக்காத ஆளு ஒரு உயிரை எடுத்துடுவாங்க" என்றார். அண்ணி வண்டிச் சாவியை அவரிடம் நீட்டிவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றார். மற்ற நால்வரையும் எடுத்துக்கொள்வதாகவும் இவரை எடுக்க முடியாது என்றும் என்னிடம் சொன்னார்கள். நால்வர் என்பது மூவர்தான் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அண்ணி இல்லாமல் நாத்தனாரை அனுப்ப மூத்தார் சம்மதிக்க மாட்டார்.

திரும்பும் வழியில் தேநீருக்காக வேனை நிறுத்தினோம். அண்ணியைத் தனியே அழைத்துக் கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அந்தப் பக்கம் ஒரு ஆளு நின்னுக்கினு இருந்தான் மேடம். கீழ் ரேக் காலியா இருந்துது, அந்தச் சந்துல தெரிஞ்சான். மேல பாத்துட்டு அப்படியே மரமாட்டம் நின்னுட்டான். நான் இறக்கியிருந்தா மொத்தமும் அவன் தலையில."

"இதை ஏன் அங்கேயே சொல்லல?"

"சொன்னா அவன் வேலை போயிடும் இல்ல? தண்ணி குடிக்கக் குறுக்கால வந்திருக்கான். கையில பாட்டில் இருந்துது. ஓடறதுக்கு முன்ன என்னைப் பாத்து ரெண்டு கையும் கூப்பினான்."

எனக்குக் கோபம் வந்தது. உங்கள் வேலை போகிறதே, நாத்தனாரின் வேலை போகிறதே, மையத்தின் கதி என்ன என்று கேட்டேன். அண்ணி கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார். "அவன் எந்த ஊர்க்காரனோ. அங்க அவனை நம்பி எத்தினி பேரு குந்தினு இருக்காங்களோ. நீங்க சொல்லக் கூடாது மேடம்" என்றார். நான் தேநீருக்குக் காசு கொடுக்கப் போனேன்.

மறுநாள் நான் மட்டும் அந்தக் கிடங்குக்குப் போனேன். ஆளைப் பற்றிச் சொல்வதில்லை, முறிந்த பலகையைப் பற்றி மட்டும் பேசுவது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல மரத்தட்டு கொடுத்து அவருக்கு இன்னொரு வாய்ப்புத் தாருங்கள் என்று கேட்டேன். மேலாளர் என்னை உட்காரச் சொன்னார். "பலகை முறிஞ்சுதா, இவங்க முறிச்சாங்களான்னு கேமராவுலயே பாத்துடலாமே" என்று சொல்லியபடியே கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். வேண்டாம் என்று நான் வாயெடுப்பதற்குள் படம் ஓடத் தொடங்கிவிட்டது.

கேமரா அடுத்த சந்தின் மேலே இருந்தது. பாட்டிலோடு ஒல்லியான ஒரு மனிதர் உள்ளே வருகிறார். நிமிர்ந்து பார்க்கிறார். நின்றுவிடுகிறார். பிறகு கைகூப்புகிறார், ஓடுகிறார். அவர் நின்ற அதே இடத்தில் இரண்டு பெட்டிகள் வந்து விழுகின்றன.

மேலாளர் அதை மறுபடி ஓடவிட்டார். அவர் முகத்தில் வியர்வை அரும்பியதை நான் பார்த்தேன். சோதனை நேரத்தில் யாரும் நுழையாதபடி அந்தச் சந்தின் வாயிலில் சங்கிலி கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. கட்டவைக்க வேண்டியவர் அவர். "இதை வேற யாரும் பாக்க வேணாம். அந்த அம்மாவையும் திங்கக்கிழமை வரச் சொல்லுங்க" என்றார். தாழ்ந்த குரல். அது பாராட்டா, பயமா என்று நான் ஆராயவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஐந்து பேரும் வேலையில் சேர்ந்தார்கள். செயலாளர் அம்மா மையம் முழுக்க இனிப்புக் கொடுத்தார். நிதி கொடுப்பவர்கள் வரும் நாள் நெருங்கியது. விழாவில் பேச அண்ணியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தோம். விழாவுக்குச் சில நாள் முன்னால், வார விடுமுறையில், அண்ணி மையத்துக்கு வந்தார். பின்னால் ஒரு மனிதர் வாசலிலேயே தயங்கி நின்றார். திரையில் பார்த்த அதே முகம்.

"கேமராவுல இவன் தெரிஞ்சானா மேடம்?" என்று அண்ணி நேராகக் கேட்டார்.

தெரிந்தார் என்றேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அண்ணி தலையை ஆட்டிக்கொண்டார். "அதான். மாசக் கடைசியில இவனை நிறுத்திட்டாங்க. காரணம் சொல்லல."

அந்த மனிதர் ஒடிசாவிலிருந்து வந்தவர். தெரிந்த கொஞ்சம் தமிழில், "அக்கா சொல்லல. அக்கா மேல கோபம் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் அவரைக் கேட்காமலே சொன்னார். அண்ணி செயலாளர் அம்மாவிடம் போனார். நானும் கூடப் போனேன். இவருக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டார். செயலாளர் அம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். நாம் பயிற்சி கொடுத்த, நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை தேடத்தான் நிதி வருகிறது. விழா நெருங்கும் நேரத்தில் இதெல்லாம் வேண்டாம் என்றார்.

"அப்ப மேடையில என்னைப் பேசச் சொல்லாதீங்கம்மா" என்றார் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. "எங்களுக்கு வேலை கெடச்சுது, சந்தோசமா இருக்கறோம்னு சொல்லணும், அதானே? இவனை வாசல்ல நிக்க வச்சிட்டு எனக்கு அது வாயில வராது."

செயலாளர் அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அத்தனை ஆண்டுகளாக அந்த மையத்தைக் கட்டிக் காத்தவர் அவர். அண்ணி இல்லாவிட்டால் விழாவில் காட்ட வேறு முகம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். மேசை மேலிருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். இருவருமே எழுந்து போய்விடுவார்களோ என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் என்னிடம் திரும்பி, "ஓடற ரைஸ் மில் எதுலயாவது ஆள் கேட்டுக்கினு இருந்தாங்களே, போன் போடு" என்றார். என் முகத்தையோ அண்ணியின் முகத்தையோ பார்க்காமல்தான் சொன்னார். நான் ஒன்றல்ல, பல இடங்களுக்குப் பேசினேன். விழாவுக்கு முந்தின நாள், தங்க இடமும் கொடுக்கும் ஓர் ஆலையில் அவரைச் சேர்த்துவிட்டு வந்தேன்.

விழாவன்று கம்பெனிச் சட்டையோடு அண்ணி மேடை ஏறினார். முன்வரிசையில் நிதி அமைப்பின் ஆட்கள். மூத்தார்கூட வெள்ளை வேட்டியில் வந்து நடுவில் உட்கார்ந்திருந்தார். அண்ணி என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கோ செயலாளர் அம்மாவுக்கோ தெரியாது. எழுதிக்கொடுத்ததை அவர் கையிலேயே வாங்கவில்லை. வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். "வேலை கஷ்டமா இல்ல. கக்கூஸ்தான் ரொம்ப தூரம்" என்றார். கூடமே சிரித்தது. இந்த மையம் உங்களுக்கு என்ன செய்தது என்று கேட்டார்கள். அண்ணி மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். செயலாளர் அம்மா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேலை குடுத்தாங்க" என்றார். "எனக்கு மட்டும் இல்ல."

எல்லோரும் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த ஆண்டும் நிதி வந்தது. அதற்கு அடுத்த ஆண்டும் வந்தது. நாத்தனார் கல்யாணமாகி வாலாஜாபாத் போய்விட்டாள். அண்ணி இன்னும் அதே கிடங்குக்குத்தான் போகிறார், இப்போது தனியாக. மூத்தார் ஒன்றும் சொல்வதில்லை. சந்தின் இரு பக்கமும் இறங்கிப்போய்த் தன் கையால் சங்கிலி கட்டாமல் அவர் பளு தூக்குவதில்லை என்றும், அதனால் வேலை தாமதமாகிறது என்று மேலாளர் அடிக்கடி திட்டுவதாகவும் கேள்விப்படுகிறேன். இப்போது மையத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு அந்தக் கதை தெரியாது. ஆனால் வெளியூர் ஆள் யாராவது வேலை கேட்டு வாசலில் தயங்கி நின்றால், செயலாளர் அம்மா உள்ளேயிருந்தே குரல் கொடுப்பார்: "யாருப்பா அது? உள்ள வரச் சொல்லும்மா."