டிரைவரக்கா வாங்காத சாவி

எங்க அக்கா ஸ்கூல் பஸ் ஓட்டுறவ. ஊரே அவளை டிரைவரக்கான்னுதான் கூப்பிடும், அவ புருஷன், எங்க மாமா உட்பட. ஹார்ன் ரிப்பேரான அன்னிக்கு ஜன்னல் வழியா கத்தியே வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தவ. போயும் போயும் அவகிட்டயா அந்த பங்களாக்காரர் வச்சுக்கணும்!

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கிச்சு. தரையில ரெண்டடி வச்சா தடுமாறுவார். ஏரியில இடுப்பளவு தண்ணியில இறக்கிவிட்டா மட்டும் தானா நடப்பார். காலை டிரிப் முடிஞ்சதும் அக்கா அவரைக் கரைக்குக் கூட்டிட்டுப் போவா. அந்த நடைதான் மனுஷனுக்கு உசிரு.

கரையோர பங்களாவைப் புதுசா வாங்கினவர், தண்ணி வரைக்கும் என் பத்திரத்துல இருக்குன்னு மணலுக்குக் குறுக்கே வேலி போட்டார். தெருவே கொதிச்சு கேஸ் போட்டுச்சு. ஆளு லேசுப்பட்டவரா? வேலியில ஒரு கேட் வச்சு, வீட்டுக்கு வீடு சாவி கொடுத்தனுப்பினார். "எப்ப வேணா வந்துட்டுப் போங்க."

எங்க வக்கீலம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "சாவியைத் தொடாதீங்க! காலங்காலமா யாரையும் கேக்காம நடந்தோம்ங்கிறதுதான் நம்ம கேஸே. அவர் சாவியில போனா, அவர் விட்டதால போனோம்னு ஆயிடும்."

யார் கேட்டா? ஓசின்னா பினாயிலையும் குடிக்கிற கூட்டம், ஒருத்தர் விடாம வாங்கிக்கிட்டாங்க.

அக்கா மட்டும் வாங்கல. மாமா வீட்டுக்குள்ளயே சுவத்தைப் பிடிச்சு நடக்கப் பார்த்து விழுந்துட்டார். "வாங்கித் தொலையேன்க்கா, அவர் படுத்த படுக்கையாயிடுவார்!"னு கத்தினேன். அவ கண்ணு கலங்கிடுச்சு. மாமா காலைத் தேய்ச்சுவிட்டுக்கிட்டே, "நீங்க சொல்லுங்க, வாங்கிடவா?"ன்னா.

மாமாவுக்குப் பேச்சும் குழறும். "பிச்சை... வேணாம்"னார்.

கோர்ட்டுல எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொருத்தரா கூண்டுல ஏத்தி, "சாவி கொடுத்தது யாரு?"ன்னார். எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "பங்களா ஐயாதான்"னாங்க. அக்கா ஏறினா.

"உங்க சாவி எங்க?"

"வாங்கல."

"அப்ப யார் அனுமதியில நடந்தீங்க?"

"யாரையும் கேக்கலைங்க. எங்கம்மா என்னை இடுப்புல தூக்கிட்டுப் போன காலத்துலயே கேக்கல!"

கூரையே அதிர்ந்துச்சு. "எனக்குக் காது நல்லாவே கேக்கும்மா"ன்னார் ஜட்ஜ். ஆனா அந்தச் சாட்சியத்தை வச்சுத்தான், மணல் எல்லாருக்கும் பொது, வேலியை எடுன்னு தீர்ப்பு எழுதினார்.

வேலி பிரிச்ச அன்னிக்கு மாமாவை ரெண்டு பேருமாத் தாங்கிப் பிடிச்சு தண்ணியில இறக்கினோம். பங்களாக்காரர் படியில நின்னு, பெரிய மனசு பண்ணின மாதிரி, "வாங்க, வாங்க, தாராளமா இறங்குங்க"ன்னார்.

அக்கா திரும்பினா. "நீங்களும் வாங்க சார். இதுல உங்களுக்கும் பாத்தியதை உண்டு."

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கல. சிரிச்சுக்கிட்டே எங்க ரெண்டு பேர் தோளையும் விட்டுட்டு, தானா நடக்க ஆரம்பிச்சார்.