கேம்புக்கு வந்த அம்மாக்கள்

இந்த அரபு நாட்டில் ருவைஸ் என்ற ஊரைத் தாண்டி, சாலைக்கு இரண்டு பக்கமும் மணலைத் தவிர வேறெதுவும் தெரியாத இடத்தில் எங்கள் கம்பெனியின் குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது. வெளியே நின்றால் மண்டை பிளக்கும். உள்ளே, எல்லோரும் ‘மைனஸ் ரூம்’ என்று சொல்லும் கூடத்தில், மூச்சு விட்டால் மீசையில் பனி பிடிக்கும். அங்கே உறைந்த கோழியையும் மீனையும் அடுக்குகிறவர்கள் பெரும்பாலும் சிவகங்கைப் பக்கத்து ஆட்கள். கிடங்கை ஒட்டியே அவர்களுடைய கேம்ப். ஒரு ஷிப்ட் கழற்றிப் போடும் குளிர்கோட்டை அடுத்த ஷிப்ட் சூடு ஆறுவதற்குள் மாட்டிக்கொள்ளும். ஒருவன் தும்மினால் கேம்பே தும்மும்.

அந்தத் தும்மலைக் கண்காணிப்பதுதான் என் வேலை. நான் நர்ஸ் இல்லை. வாரம் ஒருமுறை போய், யாருக்குக் காய்ச்சல், யாருக்கு இருமல், யாருக்கு உடம்பில் கொப்புளம் என்று விசாரித்து ஆபீசுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஷார்ஜா ரோலாவில் பிறந்து வளர்ந்து இங்கிலீஷிலேயே படித்தவள் நான். இருந்தாலும் எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்ற திமிர் உண்டு.

அப்போது நான் நாலு மாதம் கர்ப்பம். இரண்டு முறை தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. விசாரித்துக்கொண்டிருக்கும்போதே வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவேன் என்பதால் கேம்பில் எல்லோருக்கும் விஷயம் தெரியும்.

ஒரு வாரம் ஃபோர்மேனிடம் கேட்டேன். “ஒரு ஆள் குறையுதே, நோயா?”

“நோயெல்லாம் மாஃபி, ஒண்ணும் இல்ல மேடம். அவனுக்கு அம்மா வந்திருக்கு. ரூம்ல இருக்கான்.”

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. விசிட் விசாவில் மகனைப் பார்க்க இந்த மணற்காட்டுக்கா வந்திருக்கிறார்! “எத்தனை நாள் இருப்பாங்க?”

“அது நம்ம கையிலயா இருக்கு? அவ இஷ்டம். தண்ணி ஊத்துனா எறங்கிருவா. அப்பறம் டூட்டிக்கு வந்துருவான்.”

பெற்ற தாயை ‘அவ’ என்கிறானே என்று எரிச்சல் வந்தது. தண்ணீர் ஊற்றுவது ஊர்ப்பக்கத்து வழியனுப்பும் முறையாக இருக்கும் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். கொப்புளம் யாருக்கும் இல்லை என்று ஆபீசுக்குச் சொன்னேன்.

அடுத்த வாரமும் அதே ஒருவன்தான் குறைந்தான். அதற்கடுத்த வாரம் போனால் வேறு மூன்று பேரைக் காணோம். மூவருக்கும் அம்மா வந்திருக்கிறதாம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கோ எரிச்சல்தான் வந்தது. பெண்களே தங்கக்கூடாத கேம்பில் மூன்று தாய்மாரா! கூடவே ஒரு ஆசையும். வாந்திக்கு என்ன சாப்பிடலாம் என்று யாராவது பெரியவர்களிடம் கேட்க வேண்டும்போல் இருந்தது. கையில் இருந்த பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு அந்த மூவரும் இருந்த ரூமின் கதவைத் தள்ளி உள்ளே போனேன்.

அம்மா யாரும் இல்லை. ஜன்னலில் வேப்பிலைக் கொத்து. மஞ்சள் வாடை. கீழே வேப்பிலை பரப்பிய விரிப்பில் மூன்று பேர் சட்டையில்லாமல் கிடந்தார்கள். நெற்றியிலிருந்து வயிறுவரை நீர் கோத்த கொப்புளங்கள். ஒருவனுக்கு இமையின் மேல்கூட இருந்தது. அவன்தான் என்னைப் பார்த்துக் கத்தினான்.

“மேடம், வராதீக! வயித்துப்பிள்ளக்காரி, வெளிய போங்க!”

பொட்டலம் கைநழுவி விழுந்தது. ஃபோர்மேன் ஓடிவந்து என்னை வெளியே இழுத்தான்.

“வாராவாரம் கேட்டேனே! நோய் இருக்கா, கொப்புளம் இருக்கான்னு கேட்டேனே!”

“அம்மாவ நோயிங்கலாமா மேடம்? அது முத்து. நான் எங்க மறைச்சேன்? வந்த அன்னிக்கே ஒங்ககிட்ட சொன்னேன்ல?”

சொல்லியிருந்தான்.

டாக்டர் வந்தார். மூவரையும் தனியாக வைத்து வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்தார். குளிர்கோட்டுகளை எல்லாம் துவைக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். சின்னம்மை முன்பே வந்திருந்தால் பயமில்லை. வராதவள் என்றால் பிள்ளைக்கு ஆபத்து. பரிசோதனைக்கு ரத்தம் எடுத்திருக்கிறேன், அதற்குள் வீட்டில் கேட்டுப் பாருங்கள் என்றார்.

ரோலாவில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். “அம்மா, எனக்குச் சின்ன வயசுல சிக்கன் பாக்ஸ் வந்திருக்கா?”

“அதெல்லாம் ஒனக்கு எதுவும் வரல. நல்லாத்தான் இருந்த.”

அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பிள்ளையும் போயிற்று என்றே நினைத்தேன். அழுகைக்கு நடுவில் ஃபோர்மேன் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது.

“அம்மா... எனக்கு அம்மா வந்திருக்கா?”

எதிர்முனையில் அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“ஒனக்கு யாரு சொன்னா?” என்றாள். குரல் தாழ்ந்துவிட்டது. “மூணு வயசுல வந்தா. ஒடம்பு பூரா முத்து.”

“என் புருவத்துல இருக்கிற தழும்பு?”

“அதுதான். கீழ விழுந்துட்டான்னு எல்லார்கிட்டயும் சொன்னோம். ஒன்கிட்டயும் அப்பிடியே சொல்லிட்டோம்.”

உயிர் திரும்பி வந்தது. ரத்தப் பரிசோதனையும் பிறகு அதையேதான் சொன்னது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அழுதபடியே சிரித்தேன். சிரிப்போடுதான் கேட்டேன், அதை எதற்கு மறைக்க வேண்டும் என்று.

“ஷேரிங் ஃப்ளாட்டுல இருந்தோம்டி. தெரிஞ்சா வெளிய அனுப்பிருவாங்கன்னு ஒங்கப்பாவுக்குப் பயம். பக்கத்து ரூம்ல இருந்தவ மாசமா இருந்தா.”

என் சிரிப்பு நின்றது. “அவங்களுக்கு என்னாச்சு?”

“தெரியல. கொஞ்ச நாள்ல அவளுக்குக் காச்சலுன்னு ஊருக்கு அனுப்பிட்டாங்க,” என்றாள் அம்மா. “நாங்க கேக்கல.”