சாம்பிராணிக்கு வாலாட்டிய கூட்டுப்புழு

மண்ணூர்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு வாசலில், தண்ணீர் மோட்டாரை ஒட்டி ஒரு நந்தியாவட்டைச் செடி. கீழே இருக்கும் ஹவுஸ் ஓனர் அக்காவுக்கு அதன் பூ இல்லாமல் சாமி கும்பிட வராது. ஒருநாள் காலையில் பூக்கூடையோடு நின்று கத்தினார்.

"மாடிப் பொண்ணே, இத்த வந்து பாரு! செடியே மொட்டையா கீது!"

ஓடினேன். கிளையில் விரல் தடிமனுக்கு மூன்று பச்சைப் புழுக்கள். ஒன்றைத் தொட்டேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, கழுத்தில் வரைந்தாற்போல இருந்த இரண்டு நீலப் பொய்க்கண்களால் என்னை முறைத்தது. அவ்வளவுதான், நான் காலி.

"கொல்லாதீங்கக்கா! இது அந்துப்பூச்சியா மாறும். அவ்வளவு அழகா இருக்கும்!" அப்போதுதான் போனில் பார்த்ததை, பத்து வருஷம் புழு வளர்த்தவள்போல அளந்துவிட்டேன்.

"அயகா? காட்டு, பாக்கலாம். காட்டலன்னு வெச்சிக்கோ, செடிய வேரோட புடுங்கிடுவேன். பூவும் வேணாம், புயுவும் வேணாம்."

மூன்றையும் தீபாவளி ஸ்வீட் டப்பாவில் போட்டு லேப்டாப் பக்கத்தில் வைத்தேன். மீட்டிங்கில் மேனேஜர் பேசப் பேச, இவை இலையை விளிம்பிலிருந்து கறுக் கறுக்கென்று தின்னும். யாரைக் கவனித்திருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா?

தப்பு என்னுடையதுதான். கீரை அலசுவதுபோல இலையை மூன்று தண்ணீரில் அலசி, ஈரத்தோடு போட்டு மூடினேன். சுத்தமாக வளர்க்கிறேனாம்! நாலே நாளில் இரண்டு புழுக்கள் அழுகிச் செத்தன. உட்கார்ந்து அழுதேன்.

மிஞ்சிய ஒன்று திடீரெனப் பழுப்பாகி, சாப்பாட்டை நிறுத்திவிட்டு டப்பாவைச் சுற்றிச் சுற்றி ஓடியது. இதுவும் போச்சு என்று நினைத்தேன். ஆனால் காய்ந்த சருகு போட்டதும் அதை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போய், இரண்டு நாளில் கூட்டுப்புழுவானது. அப்புறம் ஒரு வாரத்துக்கு மேல் அசைவே இல்லை. சருகை விலக்கிப் பார்த்தால் புளியங்கொட்டை மாதிரி கிடந்தது.

"இன்னாமா, பொறந்துச்சா?" அக்கா தினமும் கேட்பார். எனக்கே நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அக்கா தன் வீட்டுக்குச் சாம்பிராணி போட்ட கையோடு மாடிக்கும் வந்து மூலைக்கு மூலை புகை காட்டுவார். குடியிருப்பவர் வீடும் தன் வீடுதான் அவருக்கு. அன்று நான் போனில் பேசி முடித்துத் திரும்பினால், தூபக்கால் திறந்து கிடந்த டப்பாவுக்கு நேர் மேலே!

"ஐயோ அக்கா, அதுக்குப் புகை ஆகாது!"

அவர் பதறிக் கையை இழுத்தார். அதே நேரம் கூட்டுப்புழு வாலை வெடுக்கென்று ஆட்டியது. மறுபடியும் ஆட்டியது.

"உசுரு கீதுடி!" என்னை 'டி' போட்டு அவர் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டு நேராக மேலேயே வந்தார். நாலாம் நாள், தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து தெருவில் பைக்குகள் வரும் நேரம், அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு "ஒரு நிமிசம்" என்று வந்து மூடியைத் திறந்தார். பூச்சி வெளியே வந்திருந்தது! பிழிந்த துணியாகச் சுருங்கிய இறக்கைகளோடு அவர் விரலில் ஏறி, முந்தானை வழியாகத் தோளுக்குப் போய்த் தொங்கிக்கொண்டது.

"அசையாதீங்கக்கா! இப்ப விழுந்தா இறக்கை விரியாது!"

கரப்பான்பூச்சிக்கே தெருவுக்கு ஓடுகிறவர், சிலையாக நின்றார். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கை விரிந்தது. பச்சை, அதில் வேறொரு பச்சை, நடுவே ரோஸ். நான் குதித்துக்கொண்டிருந்தேன். கீழிருந்து தீய்ந்த வாசனை வந்தது.

"அக்கா, குழம்பு!"

"கொயம்பு கெடக்குது. நீ போய் அடுப்ப நிறுத்திட்டு வா," என்றார், உதடு மட்டும் அசைய.

நான் வந்தபோதும் அப்படியேதான் நின்றிருந்தார். இருட்டத் தொடங்கியதும் பூச்சி படபடவென்று நடுங்கி, ஜன்னல் வழியாகப் பறந்தது. அக்கா தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவசரமாகப் படியிறங்கினார். குழம்பைப் பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"முட்டை போட வருமில்ல," என்றார் நிமிராமலே. "அதுக்குள்ள எல துளிர்க்கணும்."