உச்சி தள்ளிப்போன நாட்கள்

என் கணவர் சரக்குக் கப்பலில் அதிகாரி. கப்பல் இருக்கும் இடத்தை வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்பது அவருடைய கம்பெனி விதி. அதனால் நடுக்கடலில் சூரியன் உச்சிக்கு வரும் கணத்தில், "உச்சி" என்று ஒரே ஒரு வார்த்தையைப் போனில் அனுப்புவார். கேட்டால், "இடத்தை எங்கே சொன்னேன்? வெயிலைத்தானே சொன்னேன்" என்பார்.

மிச்சம் என் வேலை. அக்ரஹாரத்தில் எங்கள் மொட்டைமாடியில் துணிக்கொடி கட்டிய கம்பத்தின் நிழல் எப்போது மிகக் குட்டையாகும் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு அடித்துச் சற்றுக் கழித்துத்தான். மைசூர் வெயில் கடிகாரத்தை மதிப்பதில்லை. அந்த நேரத்துக்கும் அவருடைய செய்திக்கும் நடுவே உள்ள நிமிஷங்களை, சூரியன் ஒரு டிகிரி கடக்க நாலு நிமிஷம் என்பதால், நாலால் வகுத்தால், எங்களுக்கு எத்தனை டிகிரி மேற்கே இருக்கிறார் என்று வந்துவிடும். பையனின் அட்லஸில் அந்தத் தீர்க்கரேகை மேல் விரலை வைத்துப் பார்ப்பேன்.

இந்த முறை அவர் வரவேண்டியது பையனின் பூணூலுக்கு. அப்பாதான் பட்டுத்துணிக்குள் குனிந்து பிள்ளையின் காதில் மந்திரம் சொல்ல வேண்டும். பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கிழக்கே வந்துகொண்டிருந்தார். நெருங்க நெருங்க உச்சி தினமும் கொஞ்சம் முன்னதாகவே வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் அது முந்தைய நாளைவிடத் தாமதமாக வந்தது. நெட்வொர்க் மேல் பழியைப் போட்டேன். மறுநாள் இன்னும் தாமதம். அதற்கடுத்த நாளும் அப்படியே. போன் செய்தேன்.

"ஏன்னா, கப்பல் மேற்கே திரும்பிடுத்தா?"

"ஆமாம். கம்பெனியில சரக்கை வேற துறைமுகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டா. முகூர்த்தத்துக்கு வரமுடியாது. என் தம்பியை விட்டு உபதேசம் பண்ணச் சொல்லிடு" என்றார்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தனை நாளா மறைச்சேளே! மறைக்கறவர் உச்சியை மட்டும் எதுக்கு அனுப்பினேள்?"

"வாயால சொல்லத் தைரியம் வரலைடீ. நீ கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சுடுவேன்னுதான் அனுப்பினேன்."

அதற்கு மேல் திட்ட வரவில்லை, அழுகைதான் வந்தது. போனை வைத்ததும் பூணூல் நடத்தித் தரும் வாத்தியாரைக் கூப்பிட்டு, என் கணவர் வந்து இறங்கிய பிறகு வேறு முகூர்த்தம் பார்க்கச் சொன்னேன். பத்திரிகை வாங்கியவர்கள் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். என் பிள்ளையின் காதில் அந்த மந்திரம் அப்பாவின் குரலில்தான் விழ வேண்டும்.