பெயர் எழுதிய பெஞ்சுகள்

துபாய்க்குப் பக்கத்தில் ராஸ் அல் கைமாவில் கிளினிக் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த வருடம் லீவு கிடைத்தபோது ஊருக்குப் போகவில்லை. அக்காவிடம் போனேன். அவளும் என்னோடு அங்கே நர்ஸாக இருந்தவள்தான். தம்பி போன பிறகு கடலையே பார்க்கப் பிடிக்கவில்லை என்று இங்கிலாந்துக்கு வேலை மாறினாள். வேலை கிடைத்ததோ ஒரு கடற்கரை ஊரில். என்னத்தைச் சொல்ல!

தம்பி மீன்பிடி விசாவில் ராஸ் அல் கைமா வந்தவன். விசா கொடுத்த முதலாளியான கஃபீலின் லாஞ்சில் போனபோது அலை அடித்து அவனைக் கடலில் தள்ளிவிட்டது. கூடப் போனவர்கள் திரும்பினார்கள். இவன் உடம்புகூடக் கிடைக்கவில்லை. இரண்டு வருடமாகியும் அம்மா அவனுக்குச் சர்ச்சில் இறந்தோர் பூசை வைக்க விடவில்லை. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுதிரி ஏற்றும்போது, எங்கே ஏற்றுவதென்று தெரியாமல் எங்கள் வீட்டார் மட்டும் நிற்பார்கள். பூசை வைத்தே ஆகணும் என்பாள் அக்கா. நான் அம்மா பக்கம்.

அந்தக் கடற்கரையில் மணலே இல்லை, முழுக்கக் கூழாங்கல். கரையோர நடைபாதையில் அக்கா காட்டிய ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். சாய்மானத்தில் ஒரு பித்தளைத் தகடு. அதில் யாரோ ஒரு ஆளின் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். பக்கத்தில் பூ கட்டியிருந்தது. பதறி எழுந்து சிலுவை போட்டுக்கொண்டேன்.

“எக்கா, கல்லறை மேலயா இருக்கச் சொல்லுத?”

“ஏட்டி, இது சும்மா பெஞ்சு. செத்தவங்க பேர்ல வீட்டுக்காரங்க போட்டுக் குடுப்பாங்க. ஆளைப் புதைச்சது வேற எங்கயோ.”

பார்த்தால் வரிசையாக எல்லா பெஞ்சிலும் பெயர். இத்தனை செத்தவர்கள் மடியில் உட்கார்ந்து ஊரே சிப்ஸ் தின்றுகொண்டிருக்கிறது!

கீழே அலை பின்வாங்கும்போதெல்லாம் கற்கள் உருண்டு, யாரோ செருப்புக் காலோடு ஏறி வருவதுபோல் சத்தம். ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தேன். தம்பி நடைதான். அப்படியே அவன் நடை.

“பாக்காதட்டி, கல்லுதான்,” என்றாள் அக்கா. “வந்த புதுசுல நானும் பாத்தேன்.” பிறகு என் கையைப் பிடித்து, “அம்மாட்ட நீ சொல்லு. பூசை வைப்போம்,” என்றாள்.

எனக்கு எரிச்சல் பொங்கியது. “அவன் செத்ததை நீ பாத்தியா? எங்கயாவது கரை ஏறியிருக்கலாம்லா?”

“உயிரோட இருந்தா ரெண்டு வருசம் அம்மாட்ட ஒரு வார்த்தை பேசாம இருப்பானா? அப்படிப்பட்டவனாட்டி நம்ம தம்பி?”

அவனை உயிரோடு வைத்திருப்பதற்காக அவனைக் கல்நெஞ்சக்காரனாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். முன்பின் தெரியாத அந்த ஆளின் பெயர்மேலேயே நெற்றியை வைத்து அழுதேன்.

மறுநாள் காலை ஊருக்குப் போன் போட்டேன். “அம்மா, தம்பிக்கு ஒரு பூசை வைப்போமா?” என்று கேட்டுவிட்டு, வசவு விழும் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

அம்மா திட்டவில்லை.

“வைப்போம் மக்களே,” என்றாள். “அவன் போனது எனக்கு அன்னைக்கே தெரியும். அவனைக் கொண்டுபோன கடல் பக்கத்துலயே கிடக்குற நீ தாங்க மாட்டியேன்னுதான் நான் வேண்டாம் வேண்டாம்னு நின்னேன்.”