மொத்தக்கொளுத்து

ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை "டிரைவர் எறங்குங்க" என்று மைக்கில் சொல்லுகிற சிவப்பிரகாஷுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை அவனே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். அடுத்தவன் சொல்லுமுன் நாமே சொல்லிவிட்டால் பாதி மானமாவது மிஞ்சும் என்பது அவன் கணக்கு.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் லாரிகளை எடை போடும் ஒரு தனியார் வேபிரிட்ஜில் அவனுக்குப் பதினாறு வருடமாக வேலை. உப்பு லாரி, நிலக்கரி லாரி, கன்டெய்னர் டிரெய்லர் எது வந்தாலும் இரும்பு மேடையில் ஏறி நிற்கும். டிரைவர் இறங்கி ஓரமாக நின்றால்தான் வண்டியின் எடை மட்டும் திரையில் வரும். நாற்பது டன் வண்டியை எல்லாம் நிறுத்தி இறங்கச் சொல்லுகிற இந்த மனுஷன், லைசென்ஸ் பரீட்சைக்கு மூன்று தடவை போனவன். ரிவர்ஸில் ஆங்கில எழுத்து எச் போட்டுக் காட்டச் சொன்னார்கள். இவன் போட்டது எந்த மொழி எழுத்திலும் சேராது. மூன்றாவது தடவை நட்டுவைத்திருந்த கம்பைச் சாய்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "வெயில்ல கண்ணு கூசுது, நமக்குக் கார் ஒத்து வராது" என்று ஒரு காரணம் சொன்னான். அதை நம்பியது அவன் ஒருத்தன்தான்.

கண்ணாடி அறைக்குள் வண்டி வராத நேரத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவனுக்குப் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தவன் ரெக்ஸ். திரேஸ்புரத்துக்காரன், முப்பது வயது, டிரெய்லர் ஓட்டுகிறான். ஆளுக்கொரு விநோத மிருகத்தை வளர்த்து மோத விட வேண்டும், ஒருவர் மாற்றி ஒருவர் அடிக்க வேண்டும், எவன் மிருகம் முதலில் மயங்கி விழுகிறதோ அவன் தோற்றான். விளையாட்டு அவ்வளவுதான். சிவப்பிரகாஷ் ஒரு நெருப்புப் பல்லியைப் பிடித்து, ஓணான் என்று பெயர் வைத்தான்.

ஓணானுக்கு இரண்டு வகை அடி தெரியும். ஒன்று சின்னத் தீ. அதை வைத்து அடுப்புப் பற்றவைக்கலாம். இன்னொன்றுக்கு ஆங்கிலத்தில் வாய்க்குள் நுழையாத பெயர் இருந்ததால் சிவப்பிரகாஷ் அதை மொத்தக்கொளுத்து என்று சொல்லுவான். அதை அமுக்கினால் திரை முழுக்கச் சிவந்து, எதிராளி அரை உயிராகிவிடுவான். ஆனால் ஒரு கொளுத்துக்கு ஓணானின் உயிரிலும் மூன்றில் ஒரு பங்கு போகும். மூன்று தடவை கொளுத்தினால் ஓணானே காலி. இரண்டு மிருகமும் சேர்ந்து விழுந்தால், கடைசியாக அடித்தவன் தோற்றான் என்பது சட்டம்.

"இது என்னலே கூத்து? அடிக்கவனுக்கே அடி விழுது" என்றான் சிவப்பிரகாஷ்.

"உங்களப் பாத்துத்தான் செஞ்சிருக்கான் அண்ணாச்சி" என்றான் ரெக்ஸ்.

ரெக்ஸ் சொன்னதில் தப்பே இல்லை. சிவப்பிரகாஷின் கோபம் அந்த ஊரில் கொஞ்சம் பேர் வாங்கினது. கத்த ஆரம்பித்தால் அரை நிமிஷம்தான். அந்த அரை நிமிஷத்தில் எதிரே இருப்பவர் பாட்டன் பூட்டன் வரைக்கும் போய்வந்துவிடுவான். அதற்கப்புறம் கைகால் ஓய்ந்து, வெளுத்துப் போய் உட்கார்ந்துவிடுவான். இரண்டு நாளைக்கு அவனிடம் எதைக் கேட்டாலும் சரி என்பான். வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது ஒரு கோபத்தில், மாடியில் அறை எழும்பியது இன்னொரு கோபத்தில். சமாதானத்துக்கு ஒரு கிலோ முந்திரி மக்ரூன் வாங்கிக்கொண்டு போவது அவன் வழக்கம். மக்ரூன் பெட்டியோடு அவன் தெருவில் நுழைந்தால், இன்றைக்கு என்ன கத்தினானோ என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள்.

அவன் மனைவி சண்முகப்ரியா. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். புருஷன் போனில் எவளைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறான் என்று எட்டிப் பார்க்கப் போய், அவளும் அந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டாள். முதுகில் சங்கு சுமக்கும் ஒரு தண்ணீர் நத்தையை வளர்த்தாள். பெயரும் சங்குதான். லேசாக ஒரு அடி அடிக்கும், ஓட்டுக்குள் போய்க் கொஞ்சம் உயிரேற்றிக்கொள்ளும், மறுபடி வெளியே வந்து லேசாக ஒரு அடி. அவளும் அப்படித்தான். அவள் குரலை உயர்த்தி ஒருத்தரும் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணி. லாரி வரிசைக்கு நடுவில் எல் போர்டு வைத்த டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று வந்து மேடையில் ஏறி நின்றது. ஸ்டியரிங்கில் சண்முகப்ரியா. பக்கத்தில் சொல்லிக்கொடுக்கிறவர். ஒரு மாதமாக யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொண்டு, புருஷனிடம் காட்ட வேண்டும் என்று நேரே இங்கே ஓட்டி வந்திருக்கிறாள். கண்ணாடியைப் பார்த்து ஹாரன் அடித்து, பல் தெரியச் சிரித்தாள்.

பொண்டாட்டி கார் ஓட்டி வந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சிவப்பிரகாஷும் அதற்கப்புறம் பதினோரு நாள் அதையேதான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் அவன் கண்ணில் பட்டது சாய்ந்த கம்பு ஒன்றுதான். மைக்கை எடுத்தான்.

"ஏளா, எறங்குளா கீழ. ஒனக்கு எதுக்குளா இந்த வேல? வீட்ல கெடக்க முடியலயோ?"

அந்த ஒலிபெருக்கி உப்பளம் வரைக்கும் கேட்கும். வரிசையில் நின்ற பதினான்கு லாரி டிரைவர்களும் கேட்டார்கள், ரெக்ஸ் உட்பட. சண்முகப்ரியா எஞ்சினை அணைத்தாள். இறங்கினாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். மேடையைவிட்டு நடந்துபோய் ஒரு ஆட்டோவில் ஏறினாள். திரையில் எடை அறுபது கிலோ குறைந்தது. அந்த அறுபது கிலோவை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் மக்ரூனோடு வீட்டுக்குப் போனால் வீடு பூட்டிக் கிடந்தது. ஆத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று போனில் ஒரு வரி. அதற்கப்புறம் அவன் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அண்ணன் சங்கரலிங்கத்துக்கு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு, நல்ல மனுஷன்.

"அவ கொடிக்கால்ல நிக்கா மாப்ள. வந்ததும் பேசச் சொல்லுதேன்" என்பார் ஒவ்வொரு நாளும்.

காலையிலும் கொடிக்கால், மத்தியானமும் கொடிக்கால். இந்நேரம் ஆத்தூர் வெற்றிலை பூராவையும் அவள் ஒருத்தியே கிள்ளியிருக்க வேண்டும். நேரில் போகலாம் என்றால், போய் என்ன சொல்லுவது? ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியதற்குக் காதோடு காதாக மன்னிப்புக் கேட்டால் சரியாகுமா? மக்ரூனைத் தினம் நாலைந்தாக அவனே தின்று தீர்த்தான். பத்தாம் நாள் பெட்டியில் தூள்தான் கிடந்தது. அவள் வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அப்போதுதான் நிஜமாகப் பயந்தான். பயத்தில் அந்தத் தூளையும் தின்றான்.

பதினோராம் நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு, வேலை முடிந்து ரெக்ஸோடு டீக்கடை பெஞ்சில் இருந்தபோது போன் அதிர்ந்தது. விளையாட்டிலிருந்து ஒரு அழைப்பு: சங்கு, ஓணானைச் சண்டைக்குக் கூப்பிடுகிறது. கீழே பேசுவதற்குச் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதில் இருபது எழுத்துக்கு மேல் போகாது. அந்தப் பெட்டியில் இரண்டே வார்த்தை வந்து விழுந்தது.

"ஜெயிச்சா வாரேன்."

சிவப்பிரகாஷ் துள்ளி எழுந்ததில் டீ வேட்டியில் சிந்தியது. "ஜெயிச்சா வாராளாம்லே" என்றான். "இன்னைக்கு அந்த நத்தைய ஒரு வழி பண்ணுதேன் பாரு."

பதினோரு நாள் ஏக்கத்தையும் அவன் ஓணானிடம் ஒப்படைத்தான். முதல் முறையே மொத்தக்கொளுத்து. திரை சிவந்தது. சங்கு பாதி உயிராயிற்று, ஓணானுக்கு மூன்றில் ஒரு பங்கு போயிற்று. சங்கு ஓட்டுக்குள் போய்க் கொஞ்சம் தேறிக்கொண்டது. மறுபடி மொத்தக்கொளுத்து. சங்குக்கு நூல் அளவு உயிர்தான் மிச்சம். அது லேசாக ஒரு அடி அடித்துவிட்டு நின்றது. ஓணானிடம் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவாக இருந்தது.

"முடிஞ்சது அண்ணாச்சி" என்றான் ரெக்ஸ். "சின்னத் தீ ஒண்ணு போடுங்க. பொசுக்குன்னு போயிரும். மதினி பஸ் ஏறிருவாவ."

விரல் சின்னத் தீ மேல் போய்விட்டது. அப்போது பெட்டியில் அடுத்தடுத்து மூன்று வரி வந்தது.

"ஏன் இப்படி அடிக்கிய"

"நான் வர வேண்டாமா"

"இதுலயும் தோக்கணுமா"

சிவப்பிரகாஷ் திரும்ப மேலே போய் முதல் வரியைப் படித்தான். ஜெயிச்சா வாரேன். யார் ஜெயித்தால்? நீங்கள் என்று அதில் இல்லை. நான் என்றும் இல்லை. பத்தொன்பது வருடமாக வீட்டில் இரண்டு பேருமே எந்த வாக்கியத்திலும் ஆள் பெயர் போட்டுப் பேசினதில்லை, போடாமலே அவளுக்கு எல்லாம் விளங்கும். இவனோ, ஆள் பெயர் இல்லாத இடத்தில் எல்லாம் தன் பெயரைப் போட்டே வாசித்துப் பழகிவிட்டான். மைக்கில் கேட்ட அவமானத்தோடு, தலை குனிந்துகொண்டு அவளுக்குத் திரும்பி வர முடியவில்லை. எங்கேயாவது ஒரு இடத்தில், ஒரு தடவை, இவனை ஜெயித்துவிட்டு நிமிர்ந்து வர வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். இவன் அந்த நத்தையைப் போட்டுச் சுட்டுக்கொண்டிருக்கிறான். அட மடப்பயலே என்று தன்னையே வைதுகொண்டான்.

அடுத்த அடிக்கு முப்பது வினாடி அவகாசம். எண் குறைந்துகொண்டே வந்தது.

"விட்டுக்குடுக்கணும்னா சரண்டர் பட்டன் இருக்குல்லா அண்ணாச்சி" என்றான் ரெக்ஸ்.

"அது மக்ரூன்லே" என்றான் சிவப்பிரகாஷ்.

ரெக்ஸுக்கு விளங்கவில்லை. சிவப்பிரகாஷுக்கு நன்றாக விளங்கியது. பாவம் பார்த்து விட்டுக்கொடுத்தான் என்று தெரிந்தால், அவள் கொடிக்காலைவிட்டு இந்த ஜென்மத்தில் வர மாட்டாள். அடிக்காமல் சும்மா இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். தோற்க வேண்டும், ஆனால் அவள் ஒரு துளி சந்தேகப்படாதபடி தோற்க வேண்டும். சிவப்பிரகாஷ் செய்யக்கூடியது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற முட்டாள்தனம் எது?

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது வருடச் சாட்சி இருக்கிறதே. விழப்போகிற நத்தைக்குச் சின்னத் தீ போதும் என்கிற நேரத்தில், தன் உயிரையும் பார்க்காமல் மொத்தத்தையும் கொளுத்துகிறவன் அவன் ஒருத்தன்தான். எண் மூன்றுக்கு வந்தபோது மொத்தக்கொளுத்தை அமுக்கினான்.

திரை சிவந்தது. சங்கு விழுந்தது. ஓணானும் கூடவே சாய்ந்து, காலைத் தூக்கிக்கொண்டு மல்லாந்தது. கடைசியாக அடித்தவன் தோற்றான். சண்முகப்ரியா ஜெயித்துவிட்டாள். ரெக்ஸ் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"உங்க புத்திய எதால அடிக்க அண்ணாச்சி? கைக்குள்ள இருந்ததல்லா?"

"ஆமாலே, அவசரப்பட்டுட்டேன்" என்றான் சிவப்பிரகாஷ். தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை டீக்கடைக்காரர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். பெட்டியில் வேறு ஒரு வார்த்தையும் வரவில்லை.

மறுநாள் காலை அவன் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு, இரண்டு லாரிக்கு எடைச் சீட்டை மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினான். பத்தேகாலுக்கு, ஒரு நிலக்கரி லாரிக்கும் ரெக்ஸின் டிரெய்லருக்கும் நடுவில் சங்கரலிங்கத்தின் வெள்ளைக் கார் வரிசையில் நின்றது. அண்ணன் பக்கத்து சீட்டில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டி வந்தவள் சண்முகப்ரியா. எல் போர்டைக் கண்ணாடியில் நேராக ஒட்டியிருந்தாள்.

கார் மேடையில் ஏறி, கோடு தாண்டாமல் நடுவில் நின்றது. இந்தத் தடவை அவள் ஹாரன் அடிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் இருந்த டிரைவர்கள் தலையை வெளியே நீட்டினார்கள். அன்றைய கூத்து எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

சிவப்பிரகாஷ் மைக்கை எடுத்தான். ஒரு தடவை கனைத்தான். அந்தக் கனைப்பும் உப்பளம் வரைக்கும் கேட்டது.

"டிரைவர் எறங்க வேண்டாம்" என்றான்.

கொஞ்சம் நிறுத்தி, "எறங்கச் சொன்னது என் தப்பு" என்றான்.

பின்னால் நின்ற ரெக்ஸ் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினான். அவனைப் பார்த்து இன்னும் நாலு லாரி அமுக்கியது. சிவப்பிரகாஷ் எடைச் சீட்டை அடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். சீட்டில் டிரைவர் பெயர் என்கிற இடத்தில் சண்முகப்ரியா என்றும், எடை என்கிற இடத்தில் டிரைவரோடு சேர்த்து என்றும் இருந்தது. ஜன்னல் வழியாகக் கொடுத்தான். அவள் அதை இரண்டு தடவை வாசித்து, மடித்து, கைப்பைக்குள் வைத்தாள்.

"சின்னத் தீ இருந்துச்சே" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "அதப் போட்டிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பிய."

"எனக்கு எங்க அதெல்லாம் அந்த நேரத்துல தோணுது?"

"அதான் எனக்குத் தெரியுமே" என்றாள். ஆனால் தலையைத் திருப்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் அவள் எவ்வளவு கண்டுபிடித்தாள் என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது, கேட்கிற தைரியமும் இல்லை.

அவள் கியரைப் போட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. சங்கரலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆறரைக்குக் கூட்டிட்டுப் போக வாரேன்" என்றாள்.

சிவப்பிரகாஷ் சரி என்று தலையாட்டப் போனவன், சட்டென்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டான்.

"இரு. யாரு வாரது?"

"நான்தான் வாரேன்" என்றாள் சண்முகப்ரியா. "கைய எடுங்க, பின்னால வண்டி நிக்கி."