பன்னிரண்டு வீட்டுக் கப்பிகள்

ஷப்ரீன் மேடம் யாரைச் சந்தித்தாலும் முகத்தைப் பார்க்கும் முன் செருப்பைப் பார்ப்பார். நான் ஏழாம் வகுப்பில் படிக்கும்போதே இதைக் கவனித்திருக்கிறேன். உத்திரமேரூர் பஜாரில் அவருடைய தம்பி முபாரக்கின் கடைக்கு மேல்மாடியில்தான் அவருடைய பிசியோதெரபி கிளினிக். கீழே கயிறு, வாளி, தாழ்ப்பாள், கிணற்றுக் கப்பி விற்பார்கள். மேலே கை கால் வராதவர்கள் படியேறிப் போவார்கள். பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது அவர் கடை வாசலில் நின்று யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். வாய் பேசும், கண் மட்டும் எதிராளியின் செருப்பில் குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒருமுறை கல்யாண மண்டப வாசலில் கிடந்த ஒரு ஜோடியைக் காட்டி, "இது யாருதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க, இடுப்பு வலி இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். "டாக்டரம்மா எதிர்ல வந்தா செருப்ப அவுத்து கையில எடுத்துக்கோ, இல்லன்னா மாடிக்கு இட்டுக்கினு பூடும்" என்று பஜாரில் ஒரு கேலி உண்டு.

அவருக்கு நாற்பத்திரண்டு வயது. படித்து முடித்ததும் சென்னையில் ஓர் எலும்பு முறிவு மருத்துவமனையில் ஆறு வருடம் வேலை பார்த்தார். கட்டுப் பிரித்த கைகள், இறுகிப்போன மூட்டுகள் என்று அவருடைய கை பழகியது அங்கேதான். இறுகிய மூட்டு வலிக்காமல் திறக்காது. நோயாளி முகம் சுளித்தாலும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போக வேண்டும். அவர் அத்தா என்று கூப்பிடும் அப்பா ரஹமத்துல்லாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஊருக்குத் திரும்பினார், கிளினிக் வைத்தார். ஆனால் இங்கே வந்தவர்களில் பாதிப்பேர் பக்கவாதம் வந்தவர்கள். நரம்புக்கென்று தனியாகப் பார்க்க காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ போக வேண்டும். பஸ் ஏற முடியாதவர்கள் இவரிடம் வந்தார்கள். எலும்பில் பழகிய அதே கையால் இவர் அவர்களையும் தொட்டார்.

கப்பி வைத்தியம் அப்படி வந்ததுதான். தம்பி கடையிலிருந்து ஒரு சின்னக் கப்பி, நைலான் கயிறு, இரு முனையிலும் கைப்பிடிக்கு ஒரு கட்டை. வீட்டு உத்தரத்தில் கட்டிவிட்டால் நோயாளி நல்ல கையால் கீழே இழுப்பார். வராத கை மேலே போகும். தோள் இறுகியவர்களுக்கு அது நல்ல பயிற்சிதான். பக்கவாதக்காரர்களுக்கும் அதையே கொடுத்தார். செத்துப் போனது என்று நினைத்த கை தலைக்கு மேலே எழுவதைப் பார்த்தால் வீடே கூடிவிடும். பஸ் செலவு இல்லை, வீட்டிலேயே நூறு தடவை இழுக்கலாம். பதின்மூன்று வருடம் இது நடந்தது.

நான் இளமதி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்பா நெல் மில்லில் மூட்டை தூக்குகிறார். பிசியோதெரபி முடித்து இரண்டு வருடம் முன்பு மேடத்திடம் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரமே அந்தக் கப்பியைப் பார்த்தேன். மூன்றாம் வருடப் பாடத்தில் அதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. பக்கவாதத்தில் தோளைப் பிடித்திருக்கும் தசைகள் தளர்ந்துவிடும், முதுகுப் பக்கமுள்ள தோள்பட்டை எலும்பு கூடவே திரும்பாது, அந்த நிலையில் கையை மட்டும் கயிற்றால் தூக்கினால் உள்ளே நசுங்கி வலி வரும், ஆகவே கூடாது. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டார்கள். எழுதி ஐந்தும் வாங்கினேன்.

மேடத்திடம் சொல்லவில்லை. என்னைப் போன்ற ஒருத்தி, எங்கோ படித்த ஒரு பத்தியை வைத்துக்கொண்டு, ஊரே கும்பிடுகிறவரிடம் என்னவென்று சொல்வது? கண்ணெதிரே கை எழுகிறது. புத்தகம் வேறு ஊர் நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கும் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் திருப்புலிவனத்துக் கன்னியப்பனின் தோள் மேடத்தைத் தொந்தரவு செய்தது. கை நன்றாக மேலே போகிறது, ஆனால் ராத்திரி ஒருக்களித்துப் படுக்க முடியாமல் வலிக்கிறது. காரணம் பிடிபடவில்லை. அந்தச் சமயத்தில்தான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பிசியோதெரபிஸ்டுகளுக்கான தொடர்கல்விப் பயிற்சி என்று செய்தி வந்தது. எலும்பு மூட்டு, நரம்பு இரண்டும். மூன்று வார சனி, ஞாயிறு. அவரவர் நோயாளி ஒருவரின் வீடியோவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மேடம் கன்னியப்பனைத் தேர்ந்தெடுத்தார். அவர் கப்பியை இழுக்க, மனைவி கோவிந்தம்மாள் பக்கத்தில் நின்று எண்ண, நான் செல்போனில் படம் பிடித்தேன். கை நடுங்காமல் பிடித்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை நடந்ததை மேடமே என்னிடம் சொன்னார். பயிற்சி கொடுத்த கீதா என்பவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். வீடியோவைப் பாதியில் நிறுத்தி, "மேடம், இவரோட தோள்பட்டை எலும்பு இப்ப எங்க இருக்குன்னு பாருங்க" என்றாராம். பிறகு மேடத்தையே முன்னால் உட்காரவைத்து, அவருடைய தோள்பட்டை எலும்பை ஒருவர் அசையாமல் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கையை மேலே தூக்கினார்களாம்.

"முப்பது பேர் முன்னாடி கத்திட்டேன், இளமதி" என்றார். "அவ்ளோ வலி."

திங்கட்கிழமை காலையில் பழைய நோயாளிகளின் சீட்டுகளை எல்லாம் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து, வீட்டில் கப்பி கட்டிக்கொண்டவர்களைத் தனியாக எடுத்தார். விலாசம் தெரிந்தவர்கள் பன்னிரண்டு பேர்.

"எல்லார் வூட்டுக்கும் போய்ச் சொல்லணும். கப்பிய நம்மளே கழட்டிடணும்."

முபாரக் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, வித்த சரக்கு வாபஸ் கிடையாதுன்னு போர்டே வெச்சிக்கீறேன்" என்றார். மேடம் சிரிக்கவில்லை. முபாரக் மேலே ஏறி வந்து மெதுவாகச் சொன்னார்: "ஃபோன்ல சொல்லிடேன். இனிமே வேணாம், வேற பயிற்சி வந்திருக்குன்னு. தப்புன்னு எதுக்குச் சொல்ற? நாளைக்கு யார் படியேறுவாங்க? அத்தாவுக்கு மாத்திரையே மாசம் எவ்ளோ ஆவுது தெரியுமில்ல?"

"அவங்களுக்கு வலிக்குதுடா."

"உங்கூட ஒரே பேஜாரு" என்று சொல்லிவிட்டு அவர் கீழே போனார். போன கையோடு ஒரு சாக்குப் பையையும் ஸ்குரூ டிரைவரையும் கொண்டுவந்து வைத்தார்.

முதலில் கன்னியப்பன் வீடு. இரண்டு ஏக்கர் நெல், இரண்டு மாடு. மாட்டுக் கொட்டகைச் சட்டத்தில் கப்பி தொங்கியது. அவர் அதன் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"அறுவத்தி நாலு" என்று நிறுத்தினார் கோவிந்தம்மாள். "வாங்க டாக்டரம்மா. நீங்க நூறு சொன்னீங்க, நான் நூத்தம்பது இழுக்க வெக்கிறேன்."

மேடம் அவர்கள் இருவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்தார். "போதும்மா. இனிமே இழுக்க வேணாம். நான் சொல்லிக் குடுத்தது தப்பு."

"இன்னா தப்பு? எண்ணிக்கையா?"

"கப்பியே தப்பு. வாதத்துல இவரு தோள் தளர்ந்து கீது. அதைக் கயித்துல மேல இழுத்தா உள்ள நசுங்கும். இவரத் தூங்க விடாத வலி அதான். நான் குடுத்த வலி."

கோவிந்தம்மாள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் தெனம் நூத்தம்பது தபா…" என்று மேடத்தின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லித்தான் இழுக்க வெச்சேன். படிச்ச பொண்ணு சொல்லுதேன்னு இழுக்க வெச்சேன்."

"ஆமாம்மா."

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம் என்று மேடம் சொல்வார் என எதிர்பார்த்தேன். அது உண்மையும்கூட. அவர் சொல்லவில்லை.

கன்னியப்பனுக்கு நாக்கு இன்னும் கொஞ்சம் குழறும். "ஆறு மாசமா வலிக்குதுன்னு சொல்லிக்கினு கீறேன். நடிக்கிறேன்னா இவ. இப்ப இன்னாடி சொல்ற?"

"ஆமா, பெரிய சினிமாக்காரரு" என்ற கோவிந்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

கப்பியைக் கழற்றிச் சாக்குப் பையில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் அங்கே இருந்தோம். மேடம் ஒரு மேசையைக் கொண்டுவரச் சொல்லி, துண்டின் மேல் அவர் கையை வைத்து, முன்னால் மெல்லத் தள்ளக் கற்றுக்கொடுத்தார். கோவிந்தம்மாளின் உள்ளங்கையை எடுத்துக் கணவரின் முதுகில் தோள்பட்டை எலும்பின் மேல் வைத்தார். "இது நகருதா பாருங்க. இது எவ்ளோ நகருதோ அவ்ளோதான் கை போவணும். படுக்கையிலேர்ந்து எழுப்பும்போது கையப் புடிச்சி இழுக்கவே கூடாது."

"இதுக்கு எத்தினி எண்ணணும்?"

"எண்ண வேணாம். வலிக்குதான்னு கேட்டுக்கினே பண்ணுங்க."

கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் கோவிந்தம்மாள் அப்படி ஒரு கேள்வியைக் கணவரிடம் கேட்டிருப்பாரா தெரியவில்லை. முதல் தடவை கேட்டபோது இரண்டு பேருக்கும் வெட்கம் வந்துவிட்டது.

திரும்பும் வழியில் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்தபடி சொன்னேன். முகம் தெரியாது என்பதால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். "மேடம், எனக்குத் தெரியும். மூணாவது வருஷம் படிச்சேன்."

மேடம் வேகத்தைக் குறைத்தார். "ஏன் சொல்லல?"

"நீங்க சொல்றது தப்பா இருக்கும்னு நினைக்கத் தைரியம் வரல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "சொல்லியிருந்தா கேக்கிற ஆளா நான் இருந்திருக்க மாட்டேன்" என்றார். அடுத்த புதன்கிழமையிலிருந்து மதியம் ஒரு மணி நேரம் கிளினிக்கைச் சாத்திவிட்டு என் புத்தகங்களைச் சேர்ந்து படிக்கிறோம். அவர் கேள்வி கேட்பார், எனக்குப் பாதி தெரியாது.

அடுத்த ஒரு மாதத்தில் பதினோரு வீடு முடிந்தது. ஒரு வீட்டில் கப்பியைக் கழற்றி எப்போதோ மொட்டைமாடிக்குத் தண்ணீர் இழுக்க மாட்டியிருந்தார்கள். மேடம் நிம்மதியாகச் சிரித்தது அங்கேதான். மானாம்பதியில் ஒரு மகன், "ரெண்டு வருஷமா எங்கப்பன வெச்சிப் பழகிக்கினியா?" என்று கேட்டு, உட்காரக்கூடச் சொல்லவில்லை. மேடம் நின்றபடியே எல்லாவற்றையும் விளக்கிவிட்டு வந்தார். நான்கு பேர் எங்களை விட்டு வைத்தியத்துக்கு வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். கன்னியப்பனின் தோள் முழுதாகச் சரியாகவில்லை. ஆனால் ஒருக்களித்துத் தூங்குகிறார்.

மிச்சமிருந்தது சாலவாக்கத்துச் சிட்டம்மாளின் வீடு. சிட்டம்மாள் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய சீட்டில் மேடத்தின் கையெழுத்தில் எழுதியிருந்தது: "வலி என்று மறுக்கிறார். ஒத்துழைப்பு இல்லை." அதைப் பார்த்து நான், "அவங்கதான் இல்லையே மேடம்" என்றேன்.

"அவங்க மட்டும்தான் ஆரம்பத்துலேர்ந்தே வலிக்குதுன்னு சொன்னாங்க. நான் சோம்பேறித்தனம்னு நெனச்சேன். பையனக் கூப்பிட்டு, கண்டிப்பா இருங்கன்னு சொன்னேன். அவங்க சோம்பேறி இல்லன்னு யார்கிட்டயாவது சொல்லணுமில்ல?"

சொன்னாரே தவிர மூன்று வாரம் தள்ளிப்போட்டார். மற்ற வீடுகளுக்கு அப்படித் தயங்கியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம்.

மகன் முனியன் டிராக்டர் ஓட்டுகிறார். எங்களைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். நாஷ்டா சாப்பிடாமல் போகக்கூடாது என்று மனைவியிடம் இட்லி எடுத்துவரச் சொன்னார். சுவரில் சிட்டம்மாளின் படம் இருந்தது. வாயை இறுக்கி மூடிய, சின்ன உருவம்.

"அம்மாவப் பத்தி ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்" என்று மேடம் ஆரம்பித்தார்.

"நானும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார் முனியன். மேடம் நிறுத்திக்கொண்டார்.

"நீங்க கண்டிப்பா இருக்கச் சொன்னீங்க. நானும் வுடல. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தெனம் உக்கார வெச்சேன். அது இழுக்காது. வலிக்குது நைனா, வலிக்குது நைனான்னு அழுவும். ஒரு நாளு கோவத்துல நானே கயித்தப் புடிச்சி இழுத்துட்டேன். அன்னிக்கு முழுக்க எங்கூடப் பேசல." அவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "இப்ப படுத்தா அதான் நெனப்பு வருது. ஆனா நல்லதுக்குத்தானே பண்ணேன், டாக்டரம்மா?"

மேடத்தின் கையில் இட்லித் தட்டு இருந்தது. மற்ற பதினோரு வீட்டிலும் சொன்ன வாக்கியம் அவருக்கு மனப்பாடம். உதடு அசைவதைக்கூடப் பார்த்தேன்.

"நல்லதுக்குத்தான் பண்ணீங்க, முனியன்" என்றார்.

"அது போதும்" என்றார் அவர். "இன்னா சொல்ல வந்தீங்க?"

"அம்மா ரொம்பத் தைரியசாலி. அதைத்தான்."

இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். ஊர் எல்லை தாண்டியதும் மேடம் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"சொல்லியிருந்தா எனக்குப் பாரம் எறங்கியிருக்கும். அவருக்கு ஏறியிருக்கும்" என்றார். பிறகு, "இல்ல, நான் பயந்துட்டேனா?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார் என்பதே எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

முனியனுக்கு அது தெரிய உரிமை இருக்கிறது என்று ஒரு நாள் தோன்றுகிறது. தெரிந்து அந்த மனிதர் என்ன செய்வார் என்று மறுநாள் தோன்றுகிறது. இதற்கு எந்த வருடப் பாடத்திலும் ஒரு பத்தியும் இல்லை.

முனியன் இப்போதெல்லாம் எங்களுக்கு ஆள் அனுப்புகிறார். போன வாரம்கூடச் சாலவாக்கத்திலிருந்து ஒரு பெண் தன் மாமியாரைத் தாங்கியபடி படியேறி வந்தாள். "சிட்டம்மா பையன் சொல்லிச்சி. அவங்கம்மாவ, பெத்த பொண்ணாட்டம் நீங்க பாத்துக்கினீங்களாம்" என்றாள். மேடம் அந்த மாமியாரை உட்காரவைத்து, "எங்க வலிக்குதும்மா?" என்று கேட்டு, பதில் வரும்வரை தொடாமல் நின்றார். சிட்டம்மாள் சோம்பேறி இல்லை என்ற, அவருக்குச் சேர வேண்டிய அந்த ஒரு வார்த்தையை மேடம் இன்னும் வெளியே யாரிடமும் சொல்லவில்லை.